திவால் மனு போட்டும் சம்பளப் பிடித்தம் நிற்கவில்லை: தீர்ந்த விதம்

அமெரிக்காவில் சாப்டர் 7 (கடன்களைத் தள்ளுபடி செய்யக் கேட்கும் வகை) திவால் மனு போட்ட கணமே, திவால் சட்டத்தின் 362-ஆம் பிரிவின்படி கடன் வசூலுக்குத் தடை விழும். அப்படியும் அடுத்த சம்பளத்தில் பழைய கிரெடிட் கார்டு கடனுக்குப் பிடித்துவிட்டார்கள். கார்டு நிறுவனத்துக்கு இரண்டு முறை போன் செய்தும் பயனில்லை. சம்பளப் பிரிவோ, "எங்களுக்கு எதுவும் வரவில்லையே" என்றது.

கோளாறு, மனுவோடு கொடுத்த கடன் கொடுத்தவர்கள் பட்டியலில். கார்டு நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தது; அந்தக் கடனை அதனிடமிருந்து விலைக்கு வாங்கி வழக்குப் போட்ட நிறுவனமும் அதன் வக்கீலும் இல்லை. நீதிமன்ற நோட்டீஸ் பட்டியலில் உள்ள முகவரிக்குத்தான் போகும். இ/எஃப் அட்டவணையை (ஈடில்லாமல் கடன் கொடுத்தவர்களைப் பட்டியலிடும் படிவம்) திருத்தி, திவால் வழக்கு எண்ணுள்ள நோட்டீஸை வக்கீல், ஷெரிஃப் (நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றும் அதிகாரி), சம்பளப் பிரிவு மூவருக்கும் ஃபேக்ஸில் அனுப்பியதும் பிடித்தம் நின்றது. அப்பாடா!

பிள்ளைப் பராமரிப்புத் தொகைக்கான பிடித்தம் இதனால் நிற்காது. ஜாமீன் கையெழுத்துப் போட்டவருக்கும் சாப்டர் 7-ல் பாதுகாப்பு கிடையாது. அவரிடம் வசூல் தொடரும்.