மாலை ஆராதனையில் ஜாஸ்: சபை எங்கே பாடும், எங்கே கேட்கும்

எங்கள் ஆலயத்திலும் ஜாஸ் வைத்து ஆராதனை நடத்தலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம், எத்தனை வாத்தியம், யார் வாசிப்பது என்ற பேச்சையே நான் முதலில் எடுப்பதில்லை. அந்த ஞாயிற்றின் ஆராதனை முறைமையை எடுத்து வைத்து, சபையார் எழுந்து நின்று பாடும் இடங்களை ஒரு நிறத்திலும், உட்கார்ந்து கேட்கும் இடங்களை இன்னொரு நிறத்திலும் குறித்து வரச் சொல்வேன். கேட்கும் நிறமே தாள் முழுக்க நிறைந்திருந்தால் அது கச்சேரி. கச்சேரி நல்ல விஷயம்தான், அதை வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ளலாம். ஆராதனையில் பாட வேண்டியவர்கள் சபையார். பேண்ட் அவர்களைத் தாங்கிப் பிடிக்க வந்திருக்கிறது.

நான் நியூ ஜெர்சியில் ஒரு லூத்தரன் சபையில் பியானோ வாசிக்கிறேன். மாதம் ஒரு ஞாயிறு மாலை பியானோ, டபுள் பாஸ், டிரம்ஸ், டெனர் சாக்ஸபோன் என்று நாலு பேர். நான் எழுதுவது இந்த அளவுள்ள குழுவுக்கு, இருநூறு பேர் உட்காரக்கூடிய ஆலயத்துக்கு.

நேரத்தை மாலை 5 மணிக்கு வையுங்கள். இதற்கு ஒரு வரலாறு உண்டு. நியூயார்க்கில் போதகர் ஜான் கார்சியா கென்ஸல் 1965-இல் ஜாஸ் மாலை ஆராதனையைத் தொடங்கியபோது, சனிக்கிழமை இரவு முழுக்க கிளப்புகளில் வாசித்துவிட்டு விடியற்காலையில் படுக்கிற கலைஞர்களால் காலை ஆராதனைக்கு எப்படி வர முடியும் என்றுதான் யோசித்தார். மன்ஹாட்டனின் செயின்ட் பீட்டர்ஸ் லூத்தரன் ஆலயத்தில் அந்த ஆராதனை வேர்விட்டது. 1967-இல் ஜாஸ் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனின் அடக்க ஆராதனையும் அந்தச் சபையில்தான் நடந்தது. அதாவது இந்த வழக்கம் கூட்டம் சேர்க்க வந்த உத்தி அல்ல, ஒரு மேய்ப்பன் தன் ஆடுகளின் தூக்க நேரத்தைக் கணக்கில் எடுத்ததால் வந்தது. நீங்கள் அழைக்கிற டிரம்மரும் முந்தின இரவு எங்காவது வாசித்திருப்பார். அதை மறக்க வேண்டாம்.

பெரியவர்கள் சிலர் "கிளப் சங்கீதம் ஆலயத்துக்குள் வரலாமா" என்பார்கள். அவர்கள் கேள்வி நியாயமானது, அவசரப்பட்டுத் தள்ளிவிடக் கூடாது. ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டன் 1965-இல் சான்ஃபிரான்சிஸ்கோவின் கிரேஸ் கதீட்ரலில் தன் முதல் திருச்சங்கீதக் கச்சேரியை நடத்தியதையும், ஜாஸ் பியானோ கலைஞர் மேரி லூ வில்லியம்ஸ் எழுதிய ஜாஸ் திருப்பலி 1975-இல் நியூயார்க்கின் செயின்ட் பேட்ரிக்ஸ் பேராலயத்தில் ஒலித்ததையும் சொல்லலாம். ஆனால் வரலாற்றைச் சொல்லி யாரையும் வென்றுவிட முடியாது. "நீங்கள் சிறு வயதிலிருந்து பாடுகிற பாட்டு ஒன்றைச் சொல்லுங்கள், அதையே வாசிக்கிறோம்" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை முதல் பாட்டாக வையுங்கள்.

அந்தப் பாட்டை எப்படிக் கையாள்வது என்பதில்தான் காரியம் இருக்கிறது. 'என்னோடிரும், மா நேச கர்த்தரே' பாட்டையே எடுத்துக்கொள்வோம். பாளையங்கோட்டையில் பாமாலை என்ற ஞானப்பாட்டுப் புத்தகத்தோடு வளர்ந்த எனக்கு அது ரத்தத்தில் கலந்த பாட்டு. இங்கே அதே மெட்டை 'அபைட் வித் மீ' என்று ஆங்கிலத்தில் பாடுகிறார்கள். ஜாஸ் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் 1957-இல் அதை இரண்டு டெனர் சாக்ஸபோன், ஒரு ஆல்டோ, ஒரு டிரம்பெட் மட்டும் வைத்து, ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக, ஒரு அலங்காரமும் இல்லாமல் பதிவு செய்தார். பியானோ இல்லை, டிரம்ஸ் இல்லை. உங்கள் குழுவினர் எல்லோரையும் அதை ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள். பாட்டுக்கு எவ்வளவு மரியாதை கொடுக்க வேண்டும் என்று நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்காது.

பாட்டுப் புத்தகங்களில் அது பெரும்பாலும் ஈ-ஃபிளாட் ஸ்கேலில் இருக்கும். மெட்டின் உச்சி ஸ்வரம் மேல் சி. சபையாருக்கும் எட்டும், சாக்ஸபோனுக்கும் சுகமான ஸ்கேல். மாற்றவே வேண்டாம். மாற்ற வேண்டியது கார்டுகளை, அதாவது மெட்டுக்கு அடியில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை. புத்தகத்தில் நாலு குரலுக்கு எழுதியிருப்பதால் ஏறக்குறைய ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கார்டு வரும். அதன்மேல் மனோதர்மமாக வாசிக்க மூச்சுவிட இடம் இருக்காது. ஒரு பாருக்கு, அதாவது நாலு தட்டுக்கு, ஒன்று, மிஞ்சினால் இரண்டு கார்டு என்று குறைத்து, ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அதே பக்கத்தில் பாட்டின் வார்த்தைகளும் இருக்கட்டும். சாவு நெருங்குவதைப் பற்றிப் பாடும் சரணத்துக்கு அடுத்து தன் தனி வாசிப்பு, சோலோ, வருகிறது என்று தெரிந்தால், நல்ல கலைஞர் வேறு மாதிரி வாசிப்பார்.

சபையார் பாடும் மெட்டைத் தாளத்திலிருந்து நகர்த்தாதீர்கள். ஞானப்பாட்டுகளின் மெட்டு பெரும்பாலும் தட்டுக்கு ஒரு ஸ்வரமாக நடக்கும். அது அப்படியே நடக்கட்டும், ஸ்விங் என்கிற ஜாஸின் ஆட்டம் அடியில் பாஸிலும் டிரம்மரின் கம்பிப் பிரஷ்ஷிலும் இருக்கட்டும். மேலே மெட்டையும் முன்னும் பின்னும் தள்ளினால் மூன்றாவது வரிசைக்குப் பின்னால் ஒருவரும் பாட மாட்டார்கள். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

முதல் சரணம் பியானோவும் பாஸும் மட்டும், புத்தகத்தில் உள்ளபடி. இரண்டாவதில் பிரஷ் சேரட்டும், கார்டுகள் கொஞ்சம் நிறம் மாறட்டும். பிறகு சபையை உட்காரவைத்து சாக்ஸபோனுக்கு ஒரு சுற்று, அதாவது மெட்டு முழுக்க ஒருமுறை. ஒன்றே ஒன்று. திரும்பச் சபையை உள்ளே கொண்டுவருவதுதான் எல்லோரும் தடுமாறும் இடம். சோலோவின் கடைசி நாலு பாரில் பியானோ மெட்டைத் தெளிவாக, ஆக்டேவில் வாசிக்க வேண்டும். அதன்பின் ஒரு முழு பார் பி-ஃபிளாட் செவன்த், மெட்டின் தொடக்கத்துக்குத் திரும்ப இழுக்கிற கார்டு. வேகம் குறையக் கூடாது. பாடல் தலைவர் அந்த ஒரு பாருக்குள் கையைத் தூக்கி, சபையார் பார்க்கும்படி மூச்சை இழுக்க வேண்டும். இதை ஒத்திகையில் தனியாகப் பழகுங்கள். சோலோவை ஒத்திகை பார்க்கத் தேவையே இல்லை.

இனி வேதத்திலிருந்து சங்கீதம் வாசிப்பது. இதைப் பற்றிப் பேசினால் எனக்கு நிறுத்த முடியாது. 13-ஆம் சங்கீதத்தில் ஆறு வசனம். கறுப்பின அமெரிக்கரின் துயரப் பாட்டு உருவமான பன்னிரண்டு பார் ப்ளூஸில் நாலு நாலு பாராக மூன்று அடி. அப்படியானால் ஒரு அடிக்கு ஒரு வசனம், இரண்டு சுற்றில் சங்கீதம் முடிந்துவிடும். நிமிஷத்துக்கு 48 தட்டு என்று மெதுவாக வைத்தால் இரண்டு பாருக்குப் பத்து விநாடி கிடைக்கும். வாசிப்பவர் அதற்குள் வசனத்தைச் சொல்லலாம், மீதி இரண்டு பாரில் சாக்ஸபோன் பதில் சொல்லும். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும் முறையீட்டுக்கு ப்ளூஸைவிடப் பொருத்தமான உருவம் எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். புலம்பல் நம்பிக்கையாகத் திரும்புவது ஐந்தாம் வசனத்தில். இரண்டாவது சுற்றில் அது சரியாக ஐந்தாவது பாரில், ஹார்மனி ஸ்கேலின் நாலாம் ஸ்வரத்து கார்டுக்குத் திறக்கிற இடத்தில் வந்து விழுகிறது. நாம் ஒன்றும் செய்யவில்லை, தானாக அமைகிறது. வாசிப்பவர் அந்தக் கார்டு மாறுவதைக் காதால் கேட்டுவிட்டு வாய் திறந்தால் போதும். இதற்கு நாடகக் குரல் வேண்டாம், பாடவும் வேண்டாம். சபையில் வழக்கமாக வேதம் வாசிக்கிறவரே போதும். அவரை மட்டும் அரை மணி முன்னதாக வரச் சொல்லி, பாஸோடு ஒருமுறை எண்ணிப் பழகச் செய்யுங்கள்.

பிரசங்கத்துக்குப் பிறகு பேண்ட் தனியாக வாசிக்க ஓர் இடம் கொடுங்கள், காணிக்கை நேரத்தில் இன்னொன்று. எலிங்டனின் 'கம் சண்டே' இந்த இடத்துக்கென்றே செய்ததுபோல இருக்கும். காதல் பாட்டுகளை வாத்தியத்தில் வாசித்தால் யாருக்குத் தெரியும் என்று நினைக்காதீர்கள், எழுபது வயதுக்காரர்களுக்கு ஒவ்வொரு வரியும் மனப்பாடம். வார்த்தைகளை நினைத்துப் பார்த்து, ஆலயத்தில் நினைக்கத் தகுந்ததாக இருந்தால் மட்டும் எடுங்கள்.

ஆலயத்தின் எதிரொலிதான் டிரம்மருக்குப் பெரிய சவால். கல் சுவரும் உயரமான கூரையும் இருந்தால் குச்சி வேண்டாம், பிரஷ் போதும். டிரம்ஸுக்குக் கீழே தடித்த விரிப்பு போடுங்கள். பாஸ் ஆம்ப்ளிஃபயரைத் தரையிலிருந்து தூக்கி ஒரு நாற்காலியில் வைத்து, அடி ஸ்தாயியைக் குறையுங்கள். நாலு பேரும் கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார வேண்டும். ஆல்டருக்கு இருபக்கமும் அழகாகப் பிரித்து உட்கார வைத்தால், ஒருவர் வாசிப்பது இன்னொருவருக்குத் தாமதமாகத்தான் கேட்கும். அதிவேகப் பாட்டு எதையும் எடுக்காதீர்கள், கூரை அதைக் கூழாக்கிவிடும்.

கலைஞர்களுக்குப் பணம் கொடுங்கள். கர்த்தருடைய ஊழியம்தானே என்று சும்மா கூப்பிடுவது எனக்குப் பிடிக்காது, அது அவர்கள் பிழைப்பு. பேசிய தொகையை உறையில் போட்டு ஆராதனை தொடங்குவதற்கு முன்பே கையில் கொடுத்துவிடுங்கள். அவர்கள் விசுவாசிகளா என்று விசாரிக்கவும் வேண்டாம். பாதிப் பேர் பாப்டிஸ்ட் சபைப் பாடகர் குழுவில் பாடி வளர்ந்தவர்களாக இருப்பார்கள், உங்களைவிட அதிகப் பாட்டு அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஜெபம் எப்போது, எப்போது எழுந்து நிற்பது, எப்போது வாசிக்காமல் இருப்பது என்பதை மட்டும் தாளில் எழுதிக் கொடுங்கள்.

கைதட்டலைப் பற்றிப் போதகரோடு முன்னாடியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். "ஆமென்" என்று யாராவது சோலோவின் நடுவில் சொன்னால் எனக்கு சந்தோஷம்தான். எங்கள் சபையில் கடைசி வாசிப்புக்கு மட்டும் கைதட்டுகிறார்கள்.

காப்புரிமை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கச் சட்டப்படி ஆராதனையின் பகுதியாக ஆலயத்துக்குள் பாட்டை வாசிக்க உரிமம் தேவையில்லை. ஆனால் வார்த்தைகளை அச்சடிப்பதற்கும் இணையத்தில் நேரலை விடுவதற்கும் இந்த விலக்கு பொருந்தாது. அதற்கு சிசிஎல்ஐ, ஒன் லைசென்ஸ் போன்ற நிறுவனங்களிடம் தனி உரிமம் வாங்க வேண்டும், நீங்கள் எடுத்த பாட்டு அவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பழைய ஞானப்பாட்டு மெட்டுகளுக்குப் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை.

ஆசீர்வாதம் முடிந்ததும் பேண்டை அவிழ்த்துவிடுங்கள். இதுவரை ஒரே சுற்றில் அடங்கியிருந்த சாக்ஸபோன் மூன்று சுற்று வாசிக்கட்டும், டிரம்மர் குச்சியை எடுக்கட்டும், போகிறவர்கள் போகட்டும், நிற்கிறவர்கள் நிற்கட்டும். காப்பியை ஆலயத்தின் பின்புறத்திலேயே வைத்துவிட்டால் நிற்கிறவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். கலைஞர்கள் வாத்தியத்தைப் பெட்டியில் வைப்பதற்குள் அடுத்த மாதத் தேதியைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், நல்ல பாஸ் வாசிப்பவர்களுக்கு ஞாயிறு சீக்கிரம் நிரம்பிவிடும்.