கைவிட்ட கல்குவாரியை ஊர்க்குளமாக்குவது எப்படி

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மழை குறைவு, பாலக்காட்டின் மற்ற இடங்களில் கொட்டுகிற மழை எங்களுக்கு வந்து சேர்வதில்லை. அதனால் கல் எடுத்து முடித்துப் போட்ட குவாரியை மண் போட்டு மூடிவிடலாம் என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்காது. ஒரு ஏக்கர் குழியில் ஒரு மீட்டர் தண்ணீர் நின்றாலே 40 லட்சம் லிட்டர். குழி இருக்கட்டும், கரையைச் சரி செய்யுங்கள்.

முதலில் வில்லேஜ் ஆபீஸில் நிலம் யார் பெயரில் இருக்கிறது, லீஸ் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். குவாரியை மூடும்போது என்ன செய்வதாக லீஸ்காரர் எழுதிக் கொடுத்தார் என்று ஜியாலஜி ஆபீஸிலும் கேளுங்கள், வேலியும் மரமும் அவர் செலவிலேயே வர வேண்டியதாக இருக்கலாம். மனுவைத் தமிழிலேயே எழுதலாம். கொழிஞ்சாம்பாறை இருக்கிற சித்தூர் தாலுக்காவில் நம்மைப் போன்ற தமிழ்ச் சிறுபான்மையினருக்கு 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது, தயங்காதீர்கள்.

அப்புறம் வெடி. வெடிக்காமல் போன தோட்டா பாறைத் துளைக்குள் இருக்கலாம், லைசென்ஸ் உள்ள வெடிக்காரர் பார்த்துச் சொல்லும்வரை யாரும் கடப்பாறையோடு இறங்கக் கூடாது.

ஆழத்தை நீங்களே அளந்துவிடலாம். கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல் கட்டி, லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு பரிசலில் இருந்து விடுங்கள். நாங்கள் அளந்தபோது கரையிலிருந்து கை நீட்டுகிற தூரத்திலேயே பதினொரு முடிச்சு இறங்கியது, பரிசலில் இருந்த யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. நீச்சல் தெரிந்த பிள்ளைகளும் குவாரியில் சாவதற்குக் காரணம் இதுதான்: சுவர் செங்குத்து, கால் ஊன்ற இடமில்லை, மேலே வெதுவெதுப்பாக இருக்கிற தண்ணீர் கீழே போகப்போகச் சில்லிட்டு உடம்பை விறைக்க வைத்துவிடும். அதனால் ஒரே ஒரு பக்கத்தை மட்டும், அங்கே கிடக்கிற கழிவுக் கல்லையும் மண்ணையும் ஹிட்டாச்சி வைத்துத் தள்ளி, மாடு இறங்குகிற அளவுக்குச் சரிவாக்குங்கள். மற்ற மூன்று பக்கமும் தொங்கு கல்லைத் தட்டி இறக்கிவிட்டு வேலி போடுங்கள். பாறை இடுக்கில் கொம்பன் ஆந்தை கூடு வைத்திருந்தால் அந்தப் பாறைச் சுவரைத் தொட வேண்டாம்.

தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பதற்கு முன் லேபில் சோதிக்க வேண்டும். வெடிமருந்தில் இருக்கிற அமோனியம் நைட்ரேட்டால் தண்ணீரில் நைட்ரேட் சேர்ந்திருக்கலாம், அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, எங்கள் பகுதியில் ஃபுளோரைடையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டுமே காய்ச்சினால் போகாது. பாசனத்துக்கும் மீனுக்கும் இவ்வளவு கெடுபிடி இல்லை, கட்லா, ரோகு விடலாம்.

மரம் வைக்கிற இடத்தில் கல்தூள் ஈரம் பிடிக்காது. இரண்டடிக் குழி எடுத்து ஏரி வண்டல் போட்டு வேம்பு, புங்கன் வையுங்கள், மேட்டில் பனங்கொட்டை ஊன்றுங்கள். சீமைக் கருவேலம் முளைத்தால் அன்றே பிடுங்கிவிடுங்கள்.

குப்பை லாரி ஒருமுறை உள்ளே வந்துவிட்டால், பாறை வெடிப்பு வழியாக அந்தச் சாறு பக்கத்துக் கிணறுகளுக்குப் போய்விடும். அதனால் வண்டிப் பாதையில் பெரிய கல்லாகப் போட்டு அடைத்துவிடுங்கள், ஆள் நடக்க இடம் இருந்தால் போதும்.

சரிவுப் பக்கத்தில் காற்றடைத்த லாரி டியூப் ஒன்றும் ஐம்பது அடிக் கயிறும் எப்போதும் தொங்க வேண்டும். யாராவது எடுத்துப் போனால் அன்றைக்கே வேறு வாங்கிக் கட்டுங்கள்.