மின்சாரக் கார் இன்சூரன்ஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெட்ரோல் காரிலிருந்து மின்சாரக் காருக்கு மாறுகிறவர்கள் வண்டியைப் பற்றித் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் ஓடும், சார்ஜ் ஏற எவ்வளவு நேரமாகும் என்று எல்லாம் கேட்பார்கள். இன்சூரன்ஸ் என்று வந்ததும், பழைய வண்டிக்கு எடுத்தது போலவே ஒரு பாலிசியை, பிரீமியத்தை மட்டும் பார்த்து எடுத்துவிடுகிறார்கள். பெரிய தவறு அதுதான். மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்தே கிளைக்கின்றன.

பெட்ரோல் காரில் விலை பல பாகங்களில் பரவிக் கிடக்கிறது. மின்சாரக் காரில் பெரும் பணம் பேட்டரி என்ற ஒரே பாகத்தில் குவிந்திருக்கிறது. பல மாடல்களில் வண்டி விலையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை அதற்கே போகிறது. சில வருடம் கழித்து வண்டியின் சந்தை விலை இறங்கிவிட்டால், புது பேட்டரியின் விலை அதை நெருங்கிவிடவும் கூடும். அதனால் பாலிசி கைக்கு வந்ததும் அதில் பேட்டரியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தேடுங்கள். மாற்ற நேர்ந்தால் முழு விலையும் கிடைக்குமா, பழசாகிவிட்டது என்று தேய்மானம் கழிப்பார்களா? சார்ஜ் ஏறும்போது மின்னழுத்தம் எகிறி பேட்டரி கெட்டால் சேருமா? ஏஜென்ட் ‘எல்லாம் கவர் ஆகும்’ என்று வாயால் சொல்வது போதாது, எழுத்தில் இருக்க வேண்டும். புது பேட்டரியின் விலை 100 என்றும், தேய்மானம் 30 சதவீதம் என்றும் வைத்துக்கொண்டால், அந்த 30 உங்கள் கையிலிருந்துதான் போகும். ஒரு பம்பருக்கு இது சின்னத் தொகை. பேட்டரிக்கு அப்படியில்லை.

பிரீமியத்தைக் குறைக்க வண்டியின் காப்பீட்டு மதிப்பைக் குறைத்துக் காட்டுவதும் இதே வகையைச் சேர்ந்தது. பழுதுபார்க்கும் செலவு அந்த மதிப்பில் ஒரு குறிப்பிட்ட பங்கைத் தாண்டினால், கம்பெனி வண்டியை முழு இழப்பு என்று அறிவித்துவிடும். பேட்டரியில் கைவைத்தாலே மின்சாரக் கார் அந்த எல்லைக்குப் பக்கத்தில் போய்விடுகிறது. அப்போது கைக்கு வருவது நீங்கள் குறைத்துக் காட்டிய தொகைதான்.

அடுத்தது, பலரும் கண்டுகொள்ளாமல் விடுவது: வண்டியின் அடிப்பக்கம். பேட்டரி பெரும்பாலும் தரைத்தளத்துக்குக் கீழே, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் தட்டையாகப் படுத்திருக்கிறது. சாலையில் கிடந்த கல் ஒன்று ‘டங்’ என்று அடியில் மோதுகிறது. டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியவில்லை, வண்டியும் ஓடுகிறது. சரி, ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறோம். மாதங்கள் கழித்து எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஒர்க்‌ஷாப்பில் வண்டியைத் தூக்கிப் பார்க்கும்போதுதான் பேட்டரிப் பெட்டியில் ஒரு பள்ளம் தெரிகிறது. பெட்ரோல் காரில் இப்படி ஓர் அடி பட்டால் இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் சம்ப்பை மாற்றி முடித்துவிடலாம். இங்கே உள்ளே இருக்கும் செல்களுக்கு என்ன ஆயிற்று என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. நசுங்கிய செல் பின்னாளில் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். ஆகவே பள்ளம் ஓர் அளவைத் தாண்டினால் முழுப் பேட்டரியையும் மாற்றச் சொல்லும் கார் கம்பெனிகள் உண்டு. க்ளெய்ம் போகும்போது, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் முதலில் கேட்பது, எப்போது அடிபட்டது, ஏன் அப்போதே சொல்லவில்லை என்பதுதான். அதனால் அடியில் பலமாக ஏதாவது மோதினால் அன்றைக்கே படம் எடுத்துவைத்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, வண்டியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் வேறு ஒரு நம்பிக்கை தவறாக வழிநடத்துகிறது. பேட்டரிக்கு ‘ஐபி67’ தரச்சான்று இருக்கிறது, வெள்ளத்தில் ஓட்டினாலும் கவலையில்லை என்று நினைக்கிறார்கள். 1 மீட்டர் ஆழ நன்னீரில் 30 நிமிடம் தாக்குப்பிடிக்கும் என்ற சோதனைக்கூட அளவு அது. அடிபட்ட பெட்டிக்கும் உப்புத் தண்ணீருக்கும் அது பொருந்தாது. 2022இல் இயன் சூறாவளி ஃபுளோரிடாவைத் தாக்கியபோது, கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் கார்களில் சில, தண்ணீர் வடிந்த பிறகு தீப்பிடித்தன. மூழ்கிய வண்டி கிளம்புகிறதே என்று ஓட்டுவதும், சார்ஜில் போடுவதும் கூடாது. தெரிந்தே ஓட்டியதால் கூடிய சேதம் என்று க்ளெய்மை மறுக்க இடம் கொடுத்துவிடும். அதைவிட, உயிருக்கே ஆபத்து. வீட்டை ஒட்டி நிறுத்தாமல் திறந்த வெளியில் தள்ளி நிறுத்திவிட்டுத் தகவல் சொல்லுங்கள்.

வாரண்டியையும் இன்சூரன்ஸையும் குழப்பிக்கொள்வதும் சகஜம். பேட்டரியின் திறன் வருடா வருடம் கொஞ்சம் குறைவது தேய்மானம். இன்சூரன்ஸ் அதற்குப் பணம் தராது. அது வாரண்டியின் வேலை. பல கார் கம்பெனிகள் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டருக்குள் திறன் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் பார்த்துக்கொள்கின்றன. விபத்து, திருட்டு, வெள்ளம் எல்லாம் இன்சூரன்ஸின் பக்கம். அங்கீகாரமில்லாத இடத்தில் பேட்டரியைப் பிரித்தால் வாரண்டி போய்விடலாம், க்ளெய்மிலும் சிக்கல் வரும். பேட்டரியை மட்டும் வாடகைக்கு எடுத்திருந்தால் இன்னொரு முடிச்சு உண்டு. பிரான்ஸின் ரெனோ கம்பெனி தன் ஸோயி காரை ஐரோப்பாவில் அப்படிக் கொடுத்தது, சீனாவின் நியோ கம்பெனி 2020 முதல் கொடுக்கிறது. பேட்டரிக்குச் சொந்தக்காரர் வேறு ஒருவர் என்பதை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் விட்டால், இழப்பீடு யாருக்கு என்பதிலேயே வழக்கு நீளும்.

வீட்டில் வைத்திருக்கும் சார்ஜர், கார் பாலிசியில் சேருமா, வீட்டுப் பாலிசியிலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டிலும் இல்லாமல் போவது உண்டு. நடைபாதையில் கிடக்கும் கேபிளில் தடுக்கி யாராவது விழுந்தால் பொறுப்பு யாருடையது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் வண்டி கிடக்கும் நாட்களையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. 400 முதல் 800 வோல்ட் வரை ஓடும் வண்டியில் கைவைக்கப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். மின்சாரத்தைப் பாதுகாப்பாகத் துண்டித்த பிறகுதான் பல வேலைகளைத் தொடங்க முடியும். பெயின்ட் அடித்துச் சூட்டில் உலர்த்துவதற்குக்கூடப் பேட்டரியின் வெப்ப வரம்பைப் பார்க்க வேண்டியிருக்கிறது. மாற்று வண்டி தரும் ஆட்-ஆன் (பாலிசியோடு சேர்த்து எடுக்கும் கூடுதல் கவர்) பெட்ரோல் காருக்கு ஆடம்பரமாகத் தோன்றலாம், இங்கே நான் அதைத் தயங்காமல் எடுக்கச் சொல்வேன்.

அப்புறம், வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். சக்கரம் உருண்டால் மோட்டாரும் சுழன்று மின்சாரத்தை உண்டாக்கும், மின்பாகங்கள் கெடும். ரோட்சைடு அசிஸ்டன்ஸுக்கு போன் செய்யும்போதே மின்சாரக் கார் என்று சொல்லி, நான்கு சக்கரமும் தரையில் படாமல் ஏற்றிச்செல்லும் பிளாட்பெட் லாரியைக் கேளுங்கள். சார்ஜ் தீர்ந்து நின்றால் அந்தச் சேவை கிடைக்குமா, பழுதானால் மட்டும்தானா என்பதைப் பாலிசி எடுக்கும் அன்றே பார்த்துவிடுங்கள்.