சுவருக்குள் மீன்தொட்டி: முன்பக்கத்தை மட்டும் பார்த்துச் செய்யும் தவறுகள்

எங்கள் வீட்டு ஹாலுக்கும் பின்னால் உள்ள ஸ்டோர் ரூமுக்கும் நடுச்சுவரில் நாலடி மீன்தொட்டி ஒன்று இருக்கிறது. இது இரண்டாவது. முதல் தொட்டிக்குச் சுவரின் தடிப்பு 9 அங்குலம், தொட்டியின் அகலமும் 9 அங்குலம் என்று கணக்குப் போட்டு, கொத்தனாரிடம் சொல்லிக் கச்சிதமாக ஓட்டை போட்டு உட்கார வைத்தேன். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. மீன் விட்ட மறுவாரம்தான் புத்தி வந்தது. தொட்டி விளிம்புக்கும் மேலே சுவரைத் தாங்கும் கான்கிரீட் உத்திரமான லிண்டலுக்கும் நடுவே நாலு விரற்கடை இடைவெளி. கையை விட்டால் முழங்கையோடு நின்றுவிடும். செத்த மீனை எடுக்க அக்கா மகனைக் கூப்பிட வேண்டியிருந்தது. எட்டு வயதுப் பயல், ஒரு மீனுக்குப் பத்து ரூபாய் கேட்டான்.

‘சுவருக்குள் தொட்டி’ என்று நினைப்பதுதான் முதல் தவறு. தொட்டி சுவருக்குப் பின்னால் தன் ஸ்டாண்டில் தனியாக நிற்க வேண்டும். சுவர் அதற்கு வெறும் சட்டம், அவ்வளவுதான். அப்படி வைத்தால் மேலே கூரை வரை இடம் கிடைக்கும், 9 அங்குல அகலத்துக்குள் மீன்களை அடைக்கவும் வேண்டாம். முன்பக்கத் திறப்பை நான்கு புறமும் தொட்டியைவிட ஓர் அங்குலம் சின்னதாக வையுங்கள். நீர்மட்டக் கோடும் அடியில் உள்ள மணலின் ஓரமும் மறைந்துவிடும். திறப்பின் மேல்விளிம்பு நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், சோபாவில் உட்கார்ந்து பார்ப்பவர் கண்ணில் விளக்கு நேராக அடிக்காது. கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கைச் சிமென்ட் கலவையால் அடைத்துவிடாதீர்கள். பிறகு தொட்டி கசிந்தால் சுவரை உடைத்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். ஒரு மரச்சட்டம் வைத்து மறைத்தால் போதும்.

எடையை எல்லோரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 9 கன அடி, ஏறக்குறைய 255 லிட்டர். தண்ணீரே 255 கிலோ. 12 மில்லிமீட்டர் கண்ணாடி 60 கிலோவுக்கு மேல் வரும். மணல், கல், இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் 400 கிலோவைத் தொடும். அதுவும் ஆறு சதுர அடிக்குள்! வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவில் நடமாட்டச் சுமை (ஆட்கள், சாமான்களின் எடை) தாங்கும்படிதான் வழக்கமாக வடிவமைக்கிறார்கள். தரைத்தளத்தில் பெரிதாகக் கவலை இல்லை. மாடியில் என்றால் கீழே பீம் எங்கே ஓடுகிறது என்று எஞ்சினியரைக் கேட்காமல் வைக்காதீர்கள். வாஸ்து பார்ப்பவர் வடகிழக்கு என்று சொல்வார், பீம் எங்கே என்று அவருக்குத் தெரியாது.

சுவரை வெட்டும்போதும் அப்படித்தான். பழைய வீடுகளில் 9 அங்குலச் சுவர்தான் கூரையைத் தாங்குகிறது. முட்டுக் கொடுத்து, லிண்டல் போட்டு, இருபுறமும் குறைந்தது 6 அங்குலம் சுவரில் ஏறி உட்காரச் செய்த பிறகே திறப்பை முழுதாக உடைக்க வேண்டும். இப்போதைய சில அடுக்குமாடிகளில் செங்கல்லே கிடையாது, சுவர் முழுக்கக் கான்கிரீட். அங்கே இந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது. சுவருக்குள் ஓடும் மின்குழாயையும் தண்ணீர்க் குழாயையும் பார்க்காமல் உளியை வைக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்டாண்டை ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, மேலே தெர்மாகோல் ஷீட் விரித்துத் தொட்டியை வையுங்கள். அதற்கு முன்பே வாசலில் வைத்து மூன்று நாள் தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் தண்ணீர். வாரம் கால்பங்கு மாற்றினாலே 60 லிட்டருக்கு மேல், அதாவது 15 லிட்டர் வாளியில் நான்கு நடை. பின் அறையில் ஒரு குழாயும் ஒரு வடிகாலும் இல்லையென்றால் மூன்றாவது மாதத்தில் சலித்துவிடும். பின் அறை படுக்கையறையாக இருந்தால் பம்ப் சத்தம் தூங்க விடாது. காற்றோட்டம் இல்லாமல் பின்பக்கத்தைப் பெட்டி போல மூடினாலோ, ஈரத்தில் பிளைவுட் ஊதிப்போகும்.

இனி விளக்கு. தொங்கும் விளக்குச் சட்டத்தை ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கில் மாட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது தன் எடையையே கஷ்டப்பட்டுத் தாங்குவது. துளை கான்கிரீட் தளத்துக்குள் போக வேண்டும், ஆங்கர் போல்ட் போட வேண்டும். சட்டத்தை ஒரே உயரத்தில் கட்டிவிடுவது அடுத்த தவறு. தொட்டியைக் கழுவும்போது விளக்கு தலையில் இடிக்கும். எனக்குக் கைகொடுத்தது பால்கனியில் துணி காயப்போட வைத்திருந்த கப்பிக் கொடிதான். அதே கப்பி, அதே கயிறு. கம்பிகளுக்குப் பதிலாக அலுமினியச் சட்டத்தில் இரண்டு எல்இடி விளக்குகள். எரியும்போது நீருக்கு மேலே ஓர் அடி உயரம், சுத்தம் செய்யும்போது கயிற்றை இழுத்தால் மேலே போய்விடும். செடிகள் இல்லாத தொட்டிக்கு இன்னும் உயர்த்தினாலும் நஷ்டமில்லை. விருந்தாளி வரும்போதெல்லாம் போட்டு, இரவு பதினொன்று வரை எரியவிட்டால் கண்ணாடியில் பாசி படரும். டைமர் வைத்து ஏழு மணி நேரத்தோடு நிறுத்துங்கள்.

திறந்த தொட்டிக்கு மேலே விளக்கு தொங்கும்போது குதிக்கிற மீன் ஆபத்து. சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் விரல் நீளத்தில் வாங்கி வரும் அரோவானா இரண்டடிக்கும் மேல் வளரும். நாலடித் தொட்டியில் அது திரும்பக்கூட இடமிருக்காது, எம்பினால் விளக்கில்தான் மோதும். எந்த மீனானாலும் கண்ணாடி மூடி போடுங்கள், விளக்கின் மேல் தண்ணீர் தெறிப்பதும் குறையும்.

மின்சாரத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். சுவிட்ச் போர்டு தொட்டிக்கு நேர் மேலே இருக்கக் கூடாது. பக்கவாட்டில், நீர்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். வயர் ப்ளக்குக்குள் போகும் முன் கீழே ஒரு வளைவு தொங்க வேண்டும். வயரில் வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும், ப்ளக்கை எட்டாது. விளக்கு ஏறி இறங்குவதால், இரண்டு நிலையிலும் அந்த வளைவு இருக்கிறதா என்று பாருங்கள். நான் இறக்கிய நிலையில் மட்டும் பார்த்து ஏமாந்தேன். ஏற்றியதும் வயர் விறைத்து, நீர் நேராகப் போர்டுக்கு வழி பிடித்துக்கொண்டது. நல்லவேளை, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்ததால் மெயின் விழுந்ததோடு போயிற்று.

நைலான் கயிறு கப்பியில் உரசி உரசி ஒரு நாள் அறும். அதனால் சட்டத்தின் இரு முனையிலும் மெல்லிய ஸ்டீல் கம்பிக்கயிறு ஒவ்வொன்றைத் தளத்துக் கொக்கியோடு தளர்வாகக் கட்டி வைத்திருக்கிறேன். நீளம் அளந்துதான். கயிறு அறுந்தாலும் விளக்கு தண்ணீருக்கு அரை அடி மேலே நின்றுவிடும்.