சுண்ணக்கல் பள்ளத்தாக்கில் ஏறுவழி திட்டமிடும்போது விடும் பிழைகள்

சிவனொளிபாதமலையும் நக்கிள்ஸும் ஏறிப் பழகியவர்கள் ஐரோப்பியச் சுண்ணக்கல் மலைகளுக்குத் திட்டம் போடும்போது விடும் பிழைகள் பெரும்பாலும் கவனக்குறைவால் வருவதில்லை. இங்கே சரிவந்த பழக்கத்தை அப்படியே அங்கே கொண்டுபோவதால்தான் வருகின்றன. நமது மலைநாடு உருமாறிய பழம்பாறை. பெய்த மழை மேற்பரப்பிலேயே ஓடையாக ஓடும். சுண்ணக்கல்லில் தண்ணீர் கல்லைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். இந்த ஒரு வேறுபாட்டை விட்டுவிட்டு நிலப்படத்தைப் பார்த்தால், அதில் உள்ள கோடெல்லாம் பிழையாக விளங்கும்.

உதாரணத்துக்கு ஸ்லொவேனியாவின் வ்ராத்தா பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்வோம். நாட்டின் அதியுயர் சிகரமான திரிக்லாவ் (2864 மீற்றர்) அதன் தலைமாட்டில் நிற்கிறது. வடக்கு முகம் ஏறத்தாழ 1000 மீற்றர் உயரச் சுவர். மொய்ஸ்திரானா கிராமத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் உள்ளே போனால் 1015 மீற்றரில் அல்யாஷ் மலைவிடுதி. அங்கிருந்து 2515 மீற்றரில் உள்ள கிரெடரிட்சா விடுதிக்கு ஏற வேண்டும். நமது பீதுருதாலகாலையின் உச்சி 2524 மீற்றர். அதாவது இலங்கையின் உச்சிக்கு ஒன்பது மீற்றர் குறைவான இடத்தில் அங்கே கட்டில் போட்டுப் படுக்கிறார்கள். சிகரம் அதற்கும் மேலே.

நீலக் கோட்டை நம்புவது

நில அளவைத் திணைக்களத்தின் படத்தில் நீலக் கோடு இருந்தால் அங்கே போத்தலை நிரப்பலாம் என்பது நமக்கு ஊறிய எண்ணம். சுண்ணக்கல் மலையில் அந்தக் கோடு பனி உருகும்போதோ அடைமழையின்போதோ மட்டும் ஓடும் வாய்க்காலாக இருக்கலாம். யாழ்ப்பாணத்தாருக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. வலிகாமத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை நிலத்துக்குள் இறங்கிக் கிணற்றில் நிற்கிறது. அதே வகைக் கல்லை இரண்டாயிரம் மீற்றருக்குத் தூக்கி வைத்தால் கிணறு எங்கே இருக்கும்? உங்கள் காலுக்கு ஆயிரம் மீற்றர் கீழே, பள்ளத்தாக்கின் அடியில். வ்ராத்தாவில் ஓடும் பிஸ்திரிட்சா ஆறு ஊற்றெடுப்பதும் சுவரின் அடிவாரத்தில்தான்.

எனவே ஏறுவதற்குரிய தண்ணீர் முழுவதையும் கீழேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். மணிக்கு அரை லீற்றர் என்று கணக்கிட்டால் ஆறு மணித்தியாலத்துக்கு 3 லீற்றர். வழி தவறினால், வெயில் கடுமையானால் என்று இன்னும் ஒரு லீற்றர். நான்கு கிலோ முதுகில் ஏறுகிறது. பையின் மற்றப் பாரத்தை அதற்கேற்பக் குறைக்க வேண்டுமே தவிரத் தண்ணீரைக் குறைக்கக்கூடாது. மேலே உள்ள விடுதிகளில் மழைநீரையும் பனிநீரையும் சேமித்தே சமாளிக்கிறார்கள். குடிக்கும் நீரை அங்கே போத்தலில்தான் வாங்க வேண்டியிருக்கும், அதற்கும் காசு ஒதுக்குங்கள்.

ஊற்றைக் கண்டால் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் வெடிப்பு வழியாக ஓடிவரும் நீரை மண் வடிகட்டுவதில்லை. மலசலகூடக் குழி கிணற்றுக்குக் கிட்ட இருக்கக்கூடாது என்று யாழ்ப்பாணத்தில் சொல்வதும் இதே காரணத்தால்தான். மேய்ச்சல் நிலத்துக்கோ விடுதிக்கோ கீழே வரும் ஊற்று நீரை 2000 மீற்றருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்கவைத்துக் குடியுங்கள், அல்லது வடிகட்டியைப் பயன்படுத்துங்கள்.

ஓடை வழியே இறங்கலாம் என்று நினைப்பது

இதுதான் ஆளைக் கொல்லும் பிழை. வழி தவறினால் ஓடையைப் பிடித்து இறங்கு, ஊர் வரும் என்று இங்கே சொல்வார்கள் (நக்கிள்ஸிலேயே அது எப்போதும் நல்ல யோசனை அல்ல, ஆனாலும் சொல்வார்கள்). சுண்ணக்கல் அடுக்கடுக்காகப் படிந்த கல். தடித்த அடுக்கு செங்குத்தாக நிற்கும். மெல்லிய அடுக்கு உடைந்து சரளைத் திட்டாகும். மேலிருந்து பார்க்கும்போது திட்டுகள் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும். இடையில் உள்ள செங்குத்துகள் கண்ணுக்கு மறைவு. போதாததற்கு, பனியாறு குடைந்த பள்ளத்தாக்குக்கு அடிப்பகுதியில்தான் சுவர் அதிகம் நிமிர்ந்திருக்கும். சுலபமாக இறங்கத் தொடங்கிய வறண்ட ஓடை, கீழே ஐம்பது மீற்றர் வெட்டில் முடியும். இறங்கிய சரளையில் திரும்ப ஏறவும் முடியாது.

படமும் இதைக் காட்டிக்கொடுக்காது. சமவுயரக் கோடுகளின் இடைவெளி 20 மீற்றர் என்றால், 15 மீற்றர்ச் சுவர் ஒன்று இரண்டு கோடுகளுக்கிடையே ஒளிந்துகொள்ளும். 1:50 000 படத்தில் திட்டத்தின் பொது உருவத்தைப் போட்டுவிட்டு, 1:25 000 படத்தில் பாறைக் குறியீடுகளைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். இறங்கும் வழியை ஏறும் வழிக்கு முன்னதாகவே தீர்மானிக்க வேண்டும். நடுவழியில் மழை வந்தால் எந்த இடம் வரை திரும்பலாம், எந்த இடத்துக்கு மேல் விடுதிக்குப் போவதே கிட்ட என்பதையும் படத்தில் பென்சிலால் குறித்துவிடுங்கள். அங்கே குறியிட்ட பாதைகளில் சிவப்பு வளையத்துக்குள் வெள்ளைப் புள்ளி இருக்கும். அதை விட்டு விலகிய குறுக்குவழி எதுவும் திட்டத்தில் வரக்கூடாது.

மேட்டுநிலத்தில் வேறொரு தொல்லை. கல்லைக் கரைத்த நீர் கத்தி விளிம்பு போன்ற பிளவுகளையும், ஆழம் தெரியாத விழுங்கு துவாரங்களையும் விட்டுப்போயிருக்கும். ஜூன், ஜூலையில் அவற்றின் வாயைப் பழைய பனி மூடியிருக்கலாம். மூடுபனிக்குள் அங்கே திசை பார்த்து நேர்கோட்டில் நடக்க முடியாது. குழியைச் சுற்றிச் சுற்றியே திசை மாறிப்போகும். படத்தில் இரண்டு கிலோமீற்றர் என்றால் காலில் மூன்று.

தூரத்தை வைத்து நேரம் கணிப்பது

மணிக்கு நான்கு கிலோமீற்றர் என்ற கணக்கு காலிமுகத்திடலுக்குச் சரி. மலைக்கு இப்படிக் கணியுங்கள்: 300 மீற்றர் ஏற ஒரு மணித்தியாலம், 500 மீற்றர் இறங்க ஒரு மணித்தியாலம், கிடையாக 4 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம். உயரத்துக்கான நேரத்தையும் தூரத்துக்கான நேரத்தையும் தனித்தனியே எடுத்து, பெரியதோடு சிறியதின் பாதியைக் கூட்டுங்கள். அல்யாஷிலிருந்து கிரெடரிட்சாவுக்கு 1500 மீற்றர் ஏற்றம், ஐந்து மணித்தியாலம். தூரத்தை 6 கிலோமீற்றர் என்று வைத்தால் ஒன்றரை. அதில் பாதி முக்கால். மொத்தம் ஐந்தே முக்கால், ஓய்வு சேராமல்.

சிவனொளிபாதத்தை மூன்று மணித்தியாலத்தில் ஏறியதை அளவுகோலாக எடுக்காதீர்கள். அது படிக்கட்டு. வ்ராத்தாவிலிருந்து போகும் தொமின்ஷெக், பிராக் என்ற இரு வழிகளிலும் இரும்புக் கம்பிவடமும் முளையும் பிடித்து ஏறும் பகுதிகள் உண்டு. இரண்டு முளைகளுக்கிடையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நிற்கலாம் என்பதால், நால்வர் குழுவில் கடைசி ஆள் ஒவ்வொரு துண்டிலும் காத்து நிற்பார். பயிற்சிக்கும் இதே கணக்குத்தான்: வெள்ளவத்தையில் பத்து மாடிக் கட்டடத்தில் ஒரு தரம் ஏறினால் ஏறத்தாழ 30 மீற்றர். 600 மீற்றருக்கு இருபது தரம், பையில் எட்டுக் கிலோவுடன். இறங்கும்போது மின்தூக்கியைத் தவிருங்கள். முழங்கால் பழக வேண்டியது இறக்கத்துக்குத்தான்.

கம்பிவடம், இடி, பனி

கம்பிவடத்தில் சாதாரண வாரையும் கொளுக்கியையும் மாட்டிக்கொண்டு போவது தற்காப்பே அல்ல. முளைகளுக்கிடையில் 3 மீற்றர் இருந்தால், மேல் முளைக்குக் கிட்டத் தவறுபவர் கீழ் முளை வரை வழுக்கி, நான்கைந்து மீற்றர் விழுந்து ஒரு மீற்றர் வாரில் தொங்குவார். அந்த அதிர்ச்சியில் வார் அறும், அல்லது இடுப்பு உடையும். அதிர்ச்சியை உறிஞ்சும் பொதி தைத்த இரட்டை வார்த் தொகுதிதான் வேண்டும். அது பொதுவாக 40 முதல் 120 கிலோ வரை நிறையுள்ளவருக்கு; சிறுவர்களைத் தனியே கயிற்றில் கட்ட வேண்டும். தலைக்கவசத்தைக் கம்பிவடம் வந்த பிறகு போடுவதும் பிழை. கல் விழுவது அதற்கு முன்னுள்ள சரளை ஓடையிலும்தான், அநேகமாக மேலே நடப்பவரின் காலால்.

சித்திரையில் கொழும்பில் பின்னேரமானால் இடி இறங்குவது போலவே அங்கே கோடை மதியத்துக்குப் பின் இறங்கும். அந்த நேரத்தில் நீங்கள் பிடித்திருப்பது இரும்பு. நண்பகலுக்குள் கம்பிவடப் பகுதியைக் கடந்துவிடும்படி விடியற்காலையில் புறப்படத் திட்டமிடுங்கள். நனைந்த சுண்ணக்கல், அதுவும் ஆயிரக்கணக்கான சப்பாத்து தேய்த்து மெருகேறிய கல், சவர்க்காரம் போல வழுக்கும். வடக்கு முகத்து ஓடைகளில் ஜூலையிலும் கட்டிப்பனி கிடக்கலாம். யாரோ ஆகஸ்டில் நடந்து பதிந்த தடத்தைத் தொலைபேசியில் இறக்கி ஜூனில் போனால், அந்தத் தடம் பனிக்கோடரி தேவைப்படும் சரிவில் உங்களைக் கொண்டுபோய் நிறுத்தும். மேலும் உயர்ந்த சுவர்களுக்கருகில் செய்மதிச் சமிக்ஞை தெறித்து, காட்டும் இடம் பல மீற்றர் தள்ளிப்போகும். ஒரு மீற்றர் அகலத் திட்டில் அதை வைத்து என்ன செய்வது?

கொழும்பிலேயே முடிக்க வேண்டியவை

செங்கன் விசாவுக்குக் கேட்கும் 30 000 யூரோ மருத்துவக் காப்புறுதியை மலைக்கும் காப்புறுதி என்று எண்ணிவிடுகிறார்கள். பல பத்திரங்களில் கயிறு பயன்படுத்தும் ஏற்றமும், குறித்த உயரத்துக்கு மேலான நடையும் விலக்கப்பட்டிருக்கும். விலக்குப் பட்டியலை வாசித்து, ஹெலிகொப்டர் மீட்பு சேர்ந்துள்ளதா என்று எழுத்தில் கேளுங்கள்.

வழி, விடுதி, திரும்பும் நேரம் மூன்றையும் வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். கோடையில் கொழும்பு நேரம் அங்கிருந்து மூன்றரை மணித்தியாலம் முந்தியது. மாலை ஆறு மணிக்கு விடுதியை அடைவதாக நீங்கள் எழுதினால், வீட்டில் இரவு ஒன்பதரை. எந்த நேரம் என்பதைத் தாளிலேயே குறியுங்கள். மலையில் நிற்பவர் அவசர இலக்கமான 112ஐ அழைக்கலாம், கொழும்பில் இருப்பவர் அழைத்தால் அது அங்கே போகாது. ஆகவே ஸ்லொவேனியாவின் +386 என்று தொடங்கும் விடுதியின் முழு இலக்கத்தையும் அந்தத் தாளில் எழுதி வையுங்கள்.