விறகு பொளக்கற மெஷின் வாங்கப்போறீங்களா? ஃப்ளைவீலா ஹைட்ராலிக்கான்னு முடிவு பண்ற வழி

விறகு பொளக்கற மெஷின் பாக்கப் போறவங்க மொதல்ல கேக்கறது இது எத்தன டன் வேகத்துல அழுத்தும்ங்கறதுதான், நான் சொல்றது என்னன்னா அத கடைசியா கேளுங்க, மொதல்ல உங்க களத்துல வந்து எறங்கற கட்டை என்ன கட்டைன்னு பாருங்க. நார் நேரா ஓடற மரமா, முறுக்கிக்கிட்டு கணு கணுவா இருக்கற மரமா, இது தெரிஞ்சா பாதி முடிவு ஆயிருச்சுங்க.

நம்ம பக்கம் வர்றது என்ன? தாராபுரம், காங்கயம், மூலனூர் பக்கமெல்லாம் வேலிக்காத்தானும் வெள்வேலமும்தான், தோட்டத்து ஓரத்துல சாஞ்சது வெட்டுனதுன்னு வேம்பு, புளி, வாகை, அப்பறம் லோடு லோடா வாங்கறவங்களுக்கு சவுக்கும் தைலமரமும். இதுல சவுக்கும் தைலமரமும் ஒரு சாதி, மத்ததெல்லாம் வேற சாதி. சவுக்கு துண்டுல ஆப்பு பட்டா நேரா விரிசல் ஓடும். புளியந்தூரோ வேலிக்காத்தான் கவட்டையோ அப்படி விடாது, நார் குறுக்க மறுக்க பின்னி இருக்கும், ஆப்ப உள்ள விட்டு அழுத்தி அழுத்தித்தான் கிழிக்கோணும்.

இப்ப மெஷினுக்கு வருவோம். ஃப்ளைவீல் மெஷின்ல (கைனெடிக்னு போட்டிருப்பாங்க) கனமான வார்ப்பு சக்கரம் சும்மா சுத்திக்கிட்டே இருக்கும், லீவர அழுத்துனா பினியன்கற சின்ன பல்சக்கரம் ராக்குங்கற பல்லு வெச்ச நீள பட்டைல போய் மாட்டும், சக்கரத்துல சேந்து கெடக்கற சக்தி மொத்தமும் ஒரே வீச்சுல கட்டைய தள்ளும், சம்மட்டிய ஓங்கி ஆப்பு மேல போடற மாதிரித்தான். போயி திரும்பி வர்றதுக்கு ரெண்டு மூணு செகண்டுதான். மோட்டார் வேலை சக்கரத்த சுத்த வெக்கறது மட்டுந்தாங்கறதால ஒன்றரை ரெண்டு ஹெச்பியே போதும், வீட்டு சிங்கிள் ஃபேஸ்லயே ஓடும், ஆயில் கெடையாது, ஹோஸ் கெடையாது. நேர் நாரு கட்டையா வந்துக்கிட்டே இருந்தா இதோட வேகத்துக்கு ஹைட்ராலிக் கிட்டக்கூட வராது.

ஆனா அந்த ஒரு வீச்சுலயே பொளக்கோணும். கணுவுல முட்டி நின்னுச்சுன்னா பின்னால இருந்து மேல தள்ளறதுக்கு சக்தி ஒண்ணும் இல்ல, லீவர விட்டு சக்கரம் திரும்ப வேகம் புடிக்கற வரைக்கும் சித்த நேரம் நின்னுட்டு மறுக்கா அடிக்கோணும். நின்னதுக்கு அப்பறமும் லீவர அழுத்திப் புடிச்சுக்கிட்டே இருந்தீங்கன்னா பெல்ட் கருகும், ராக் பல்லு தேயும். இன்னொண்ணு, சக்கரத்து சக்தி வேகத்தோட வர்க்கத்துல ஏறி எறங்கும், வேகம் 10 சதவீதம் கொறஞ்சாலே அடி 19 சதவீதம் கொறஞ்சு போயிரும், வேகம் பாதியானா சக்தி கால்வாசிதான், அதனால பெல்ட் தளர்ந்திருக்கறதும் பொழுதெறங்குனா வோல்டேஜ் கொறஞ்சு சக்கரம் மெதுவா வேகம் புடிக்கறதும் இதுல நேரா வேலைய கெடுக்கும். போர்டுல போட்டிருக்கற டன் கணக்க நம்பாதீங்க, அந்த டன்ன விடாம தாங்கிப் புடிக்கறதுக்கு இதுல வழியே இல்ல, அந்த ஒரு கணத்து அடிக்கு இவ்வளவு சமம்னு போடறதுதான் அது.

ஹைட்ராலிக்ல பம்பு ஆயில அழுத்தி சிலிண்டருக்குள்ள அனுப்பும், அதுல இருக்கற தண்டு கட்டைய தள்ளும். மெதுவாத்தான் போகும், ஆனா விடாது. இதுல டன் கணக்கு நெசம், நீங்களே போட்டுப் பாக்கலாம். உள் விட்டம் 100 மில்லிமீட்டர் சிலிண்டர்னா பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர், 200 பார் பிரஷர் குடுத்தா ஏறக்குறைய 16 டன். 125 மில்லிமீட்டர்னா 25 டன். விக்கறவரு இத்தன டன்னுனு சொன்னா சிலிண்டர் போர் (உள் விட்டம்) என்ன, பிரஷர் மீறாம பாத்துக்கற ரிலீஃப் வால்வு எத்தன பாருக்கு வெச்சிருக்கீங்கன்னு கேளுங்க, கணக்கு ஒத்து வரலைன்னா நகந்துருங்க.

ஏமாறற எடம் இன்னொண்ணு இருக்குங்க, அது பம்பு. அதே 100 மில்லிமீட்டர் சிலிண்டர் ரெண்டடி ஓடோணும்னா உள்ள 4.8 லிட்டர் ஆயில் போகோணும். 5 ஹெச்பி மோட்டார வெச்சு 200 பார்ல தள்ளுனா நிமிஷத்துக்கு 10 லிட்டர் வர்றதே பெருசு, அப்ப ஒரு தடவ போறதுக்கே அரை நிமிஷம் ஆயிரும், நின்னு பாத்துக்கிட்டே இருக்கோணும். இதுக்குத்தான் டூ ஸ்டேஜ் பம்பு, கட்டைய தொடற வரைக்கும் நெறைய ஆயில லேசான பிரஷர்ல அனுப்பி விருட்டுனு கொண்டுபோயிரும், இறுக ஆரம்பிச்சதும் கொஞ்ச ஆயில், முழு பிரஷர்னு தானா மாறிக்கும். சிங்கிள் ஸ்டேஜ் பம்பு போட்டு வெல கொறைச்சு குடுப்பாங்க, வேண்டாங்க, வருசம் பூரா வருத்தப்படுவீங்க.

நம்ம ஊருக்கு எது? கலந்து கட்டி வர்ற விறகுன்னா நான் யோசிக்காம ஹைட்ராலிக்தான் சொல்வேன், அதுக்கு மரம் மட்டும் காரணம் இல்ல, ரிப்பேரும் ஒரு காரணம். திருச்செங்கோடு பூரா போர் போடற ரிக் வண்டி, எங்க திரும்புனாலும் ஜேசிபி, எல்லாமே ஹைட்ராலிக்தான், அதனால ஹோஸ் அடிச்சுக் குடுக்கற கடையும் சீல் கிட்டும் சிலிண்டர் தெரிஞ்ச மெக்கானிக்கும் நம்ம பக்கம் தாராளமா இருக்காங்க. காலைல ஹோஸ் வெடிச்சா பொழுதுக்குள்ள மறுக்கா ஓட்டிரலாம். ஃப்ளைவீல் மெஷின்ல ராக்கோ பினியனோ பல்லு ஒடஞ்சா கோயமுத்தூர்ல கியர் வெட்டற பட்டறைல செஞ்சு வாங்கலாம்தான், ஆனா சாதா இரும்புல வெட்டி ஹார்டனிங் பண்ணாம மாட்டுனா ரொம்ப நாள் தாங்காது, அதுக்கு வெளில குடுத்து வாங்கறதுக்குள்ள சீசன் போயிரும். மஞ்சள் வேக வெக்கற தை மாசில விறகு வண்டி நிக்கறப்போ மெஷின் படுத்துச்சுன்னா எத்தன நட்டம்னு உங்களுக்கே தெரியும்.

ஃப்ளைவீல் யாருக்கு ஆகும்னா, சவுக்கோ தைலமரமோ மட்டுந்தான் ஓட்டறேன், அளவா ரெண்டு முனையும் நேரா அறுத்துத்தான் வரும், பேக்கரிக்கும் கல்யாண சமையலுக்கும் சிறுசா பொளந்து குடுக்கோணும், அப்படி இருக்கறவங்க தாராளமா வாங்கலாம். முனை கோணலா அறுத்த கட்டை இதுல வேண்டவே வேண்டாம், அடிக்கற வேகத்துக்கு எகிறி வெளில வரும்.

கரண்ட்டையும் பாத்துக்கோங்க. 5 ஹெச்பி ஹைட்ராலிக்குக்கு த்ரீ ஃபேஸ் இல்லைன்னா டிராக்டர் வேணும். தோட்டத்து இலவச சர்வீஸ் விவசாய மோட்டாருக்கு குடுத்தது, அதுல மாட்டி விறகு வியாபாரம் ஓட்டாதீங்க, மாட்டுனா அபராதம். டிராக்டர் சும்மா நிக்குதுன்னா பிடிஓவுல (டிராக்டர் பின்னாடி சுத்தற தண்டு) பம்பு மாட்டற மாடல் பாருங்க. ஆனா அதே பிடிஓவுல மாட்டி கட்டைக்குள்ள திருகி எறக்கிப் பொளக்கற திருகு கூம்பு ஒண்ணு வெல கம்மியா விக்குதே, அத வாங்காதீங்கன்னு கேட்டுக்கறேன். சுத்திக்கிட்டே இருக்கற கூம்புல லுங்கியோ துண்டோ சேலை முந்தியோ மாட்டுனா நிறுத்தறதுக்கு நேரமே கெடைக்காது.

எந்த மெஷினா இருந்தாலும் கட்டை வெக்கறவரும் லீவர் புடிக்கறவரும் ஒரே ஆளா இருக்கோணும், ரெண்டு பேரு நின்னாத்தான் கை போகுது. ஃப்ளைவீல்ல சுவிட்ச் ஆஃப் பண்ணாலும் சக்கரம் சுத்திக்கிட்டுத்தான் இருக்கும், முழுசா நிக்காம உள்ள கை விடாதீங்க. ஹைட்ராலிக்ல ஹோஸ் ஊசி முனை ஓட்டை விட்டுச்சுன்னா அத வெரல வெச்சு தேடாதீங்க, அட்டைய வெச்சுப் பாருங்க, அந்த பிரஷர்ல ஆயில் தோலுக்குள்ள எறங்கிரும். வெளில சின்னப் புள்ளியாத்தான் தெரியும், வலிகூட இருக்காது, ஆனா உடனே ஆஸ்பத்திரி போகலைன்னா வெரலே போயிரும்.

நம்ம வெயிலுக்கு 68 நம்பர் ஹைட்ராலிக் ஆயில் போதும், நொரை வந்தா பம்பு ஆயில் இழுக்கற சக்ஷன் பக்கம் காத்து இழுக்குதுன்னு அர்த்தம். வேலிக்காத்தான் பச்சையா இருக்கறப்பவே பொளந்துருங்க, காஞ்சா இறுகிப்போயிரும், பொளந்த விறகு சீக்கிரமும் காயும். கைத்தண்டிக்கு கீழ இருக்கற கட்டைய பொளக்கவே வேண்டியதில்ல, அப்படியே எரியும்.

மெஷின் பாக்கப் போறப்போ உங்க களத்துலயே ரொம்ப மோசமான நாலு கட்டைய, கவட்டை ஒண்ணு, தூர் ஒண்ணு, ரெண்டு கணுக்கட்டை, வண்டில போட்டுக்கிட்டு போங்க. கடைக்காரரு காட்டறது நேர் சவுக்காத்தான் இருக்கும், அதுல எல்லா மெஷினும் பொளக்கும். உங்க கட்டைய வெச்சு ஓட்டச் சொல்லுங்க, ஒரு பத்து நிமிஷம் விடாம ஓட்டச் சொல்லி ஆயில் டேங்க் எவ்வளவு சூடாகுதுன்னு தொட்டுப் பாருங்க, மெஷினத் தாங்கற பீம் வளையுதான்னு பக்கவாட்டுல நின்னு பாருங்க, அப்பறம் வெல பேசுங்க.