'ஏரியல் கேபிள்' என்று மட்டும் ஆர்டர் எழுதாதீர்கள்

பினாங்கின் பாலிக் பூலாவில் ஒரு டுரியான் தோட்டத்துக்குக் கம்பம் வழியாக ஃபைபர் கேபிள் இழுக்கும் வேலை. 'செல்ஃப் சப்போர்ட்டிங் ஏரியல், 24 கோர்' என்று எழுதிக் கொடுத்தேன், அதாவது தன் பாரத்தைத் தானே தாங்கிக் கம்பத்தில் தொங்கும் 24 இழை கேபிள். டிரம்மைத் திறந்தால் ஃபிகர் எட்டு என்ற ரகம். லாரியில் இருந்ததோ ஏடிஎஸ்எஸ் என்ற வேறு ரகக் கேபிளுக்கான பிடிகள். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. இரண்டுமே செல்ஃப் சப்போர்ட்டிங்தான். ஆள் கூலி போச்சு, தோட்டக்காரர் கொடுத்த டுரியான்தான் மிச்சம்.

அன்றிலிருந்து நான் கேட்பது ஒன்றுதான்: பாரத்தை எது சுமக்கிறது?

ஃபிகர் எட்டில் கேபிளோடு ஒரே உறைக்குள் ஒரு இரும்புக் கம்பி ஓடும். முனையை வெட்டினால் 8 மாதிரி தெரியும். நடுச் சவ்வைக் கத்தியால் கவனமாகப் பிளந்து, கம்பியை மட்டும் கிளாம்பில் பிடிக்க வேண்டும். இரும்பு என்பதால் எர்த் அவசியம். கடற்காற்று அடிக்கும் இடத்தில் இரண்டு கம்பத்துக்கு நடுவே கேபிளைச் சில முறுக்கு முறுக்கி விடுங்கள், ஆட்டம் குறையும்.

ஏடிஎஸ்எஸ்ஸில் உலோகமே கிடையாது. பாரம் முழுக்க உள்ளே இருக்கும் அராமிட் நூல் மேல், பெரும்பாலும் மஞ்சளாக இருக்கும். ஃபிகர் எட்டு கிளாம்பை இதில் போட்டால் கேபிள் நசுங்கும். நீளமாகச் சுற்றிப் பிடிக்கும் சுருள் கம்பிப் பிடிதான் சரி. 100 மீட்டர் ஸ்பானுக்கு (இரண்டு கம்பத்துக்கு இடையிலான தூரம்) செய்ததை 200-இல் தொங்கவிடாதீர்கள். பக்கத்தில் உயர் மின்னழுத்த லைன் இருந்தால் அதையும் சொல்லுங்கள், உறையின் ரகமே மாறும்.

சில கடைகளில் குழாயில் போடும் சாதாரண கேபிளையும் 'ஏரியல்' என்றே கொடுப்பார்கள். தனிக் கம்பி இழுத்து, அதோடு சுற்றிக் கட்டினால் அதுவும் தொங்கும்தான். தனியாகத் தொங்கவிட்டால் இழை இழுபட்டு சிக்னல் படுத்துவிடும். உயர்மின் கோபுர உச்சியில் ஓடும் ஓபிஜிடபிள்யூ (உள்ளே இழை வைத்த எர்த் கம்பி) நம் வேலையே இல்லை, விடுங்கள்.

சந்தேகம் வந்தால் ஸ்டோரிலேயே ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஏடிஎஸ்எஸ்ஸில் ஒட்டாது. ஒட்டினால் முனையைப் பாருங்கள்: 8 தெரிந்தால் ஃபிகர் எட்டு, வெறும் வட்டமாக இருந்தால் அது சாதாரண கேபிள்.

இப்போது நான் எழுதுவது: 'ஃபிகர் எட்டு, 24 கோர், ஜி.652டி, ஸ்பான் 50 மீட்டர், இதே கேபிளுக்கான கிளாம்பும் சேர்த்து.' (ஜி.652டி என்பது இழையின் ரகம்.) பணம் கட்டுமுன் வெட்டுமுகத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கிவிடுவேன்.